ப்ளூடூத் ஸ்பீக்கரில் பாட்டு விட்டு விட்டு வருதா? புதுசு வாங்கும் முன் இந்த ஒரு எண்ணைப் பாருங்க!

பள்ளி ஆண்டு விழாவுக்கு இன்னும் இரண்டே நாள். மாலை ஒத்திகை. போனில் பாட்டைப் போட்டு, ப்ளூடூத் ஸ்பீக்கரை ஆன் செய்தாகிவிட்டது. பல்லவி வரை ஒழுங்காகப் போன பாட்டு, சரணத்தில் விட்டு விட்டு வருகிறது. ஆடும் பிள்ளைகள் தாளம் புரியாமல் நிற்கிறார்கள். ஸ்பீக்கரைக் கடைக்கு எடுத்துப்போனால், "போர்டு போயிடுச்சு, புதுசா வாங்கிடுங்க" என்று சொல்லிவிடுவார்களோ என்ற கவலை வேறு.

கொஞ்சம் பொறுங்க. இப்படிப்பட்ட பல சந்தர்ப்பங்களில் ஸ்பீக்கர் நன்றாகவே இருக்கும். போனின் செட்டிங்ஸில் இருக்கும் ஒரு எண்ணைக் குறைத்தாலே சிக்கல் தீர்ந்துவிடலாம். அந்த எண்ணின் பெயர் சாம்பிள் ரேட். அது என்ன, எந்தக் கோளாறுக்கு அது காரணம், எதற்கு அது காரணமே இல்லை, வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது? வரிசையாகப் பார்க்கலாம்.

சாம்பிள் ரேட் என்றால் என்ன?

சினிமா என்பது வேகமாக ஓடும் போட்டோக்கள்தானே. ஒரு வினாடிக்கு 24 படங்களை அடுத்தடுத்து காட்டினால், கண்ணுக்கு அது அசைவாகத் தெரிகிறது. டிஜிட்டல் ஒலியும் அப்படித்தான். ஒலி அலையை வினாடிக்குப் பல ஆயிரம் முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் எண்ணாக எழுதி வைக்கிறார்கள். வினாடிக்கு எத்தனை முறை அளக்கிறோம் என்பதுதான் சாம்பிள் ரேட்.

இதில் அடிக்கடி பார்க்கும் எண்கள் இரண்டு:

• 44.1 கிலோஹெர்ட்ஸ்: வினாடிக்கு 44,100 அளவுகள். 1982ல் விற்பனைக்கு வந்த சிடி முதல், இன்றைய பெரும்பாலான பாட்டு ஃபைல்கள் வரை இதுதான்.
• 48 கிலோஹெர்ட்ஸ்: வினாடிக்கு 48,000 அளவுகள். டிவி, சினிமா, வீடியோ எல்லாம் இந்தக் கணக்கு.

ஏன் 40 ஆயிரத்துக்கு மேல்? மனிதக் காதுக்குக் கேட்கும் உச்ச எல்லை சுமார் 20 கிலோஹெர்ட்ஸ். ஒரு ஒலியைச் சரியாகப் பதிவு செய்ய, அதன் அதிர்வெண்ணைப் போல இரண்டு மடங்குக்கு மேல் அளக்க வேண்டும் என்பது விதி. அதனால் 44.1, 48 இரண்டுமே நம் காதுக்குப் போதுமானவை. 88.2, 96 போன்ற பெரிய எண்களும் உண்டு. தொல்லை பெரும்பாலும் அந்தப் பெரிய எண்களில்தான் ஆரம்பிக்கிறது.

போனிலிருந்து ஸ்பீக்கருக்குப் பாட்டு எப்படிப் போகுது?

போனில் இருக்கும் ஃபைல் அப்படியே ஸ்பீக்கருக்குப் போகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி நடப்பதில்லை. வழியில் 4 வேலைகள் நடக்கின்றன.

1. போன் முதலில் பாட்டு ஃபைலைப் பிரிக்கிறது.
2. நோட்டிஃபிகேஷன் சத்தம் போன்றவற்றையும் சேர்த்து, எல்லாவற்றையும் ஒரே சாம்பிள் ரேட்டுக்கு மாற்றுகிறது.
3. அதைச் சுருக்கி, மறுபடியும் பொட்டலம் கட்டுகிறது. இந்தச் சுருக்கும் முறைக்குப் பெயர் கோடெக்.
4. ரேடியோ அலையில் அனுப்புகிறது. ஸ்பீக்கர் பொட்டலத்தைப் பிரித்து ஒலியாக்குகிறது.

அதாவது உங்க பாட்டு 44.1 ஆக இருந்தாலும், 96 ஆக இருந்தாலும் ஸ்பீக்கருக்கு அது தெரியவே தெரியாது. போன் என்ன எண்ணில் அனுப்புகிறதோ, அதுதான் ஸ்பீக்கருக்குக் கணக்கு. அந்த எண்ணை, இணைப்பு ஏற்படும்போதே போனும் ஸ்பீக்கரும் பேசி முடிவு செய்துகொள்கின்றன.

இங்கே ஒரு நல்ல செய்தி. ப்ளூடூத்தில் பாட்டு கேட்கும் எல்லாக் கருவிகளிலும் எஸ்பிசி என்ற கோடெக் கட்டாயம் இருக்க வேண்டும். எஸ்பிசியை வாங்கி ஒலிக்கும் ஸ்பீக்கர், 44.1, 48 இரண்டையும் ஏற்க வேண்டும் என்பதும் விதி. ஆக, விதிப்படி செய்யப்பட்ட எந்த ஸ்பீக்கருக்கும் எந்தப் போனுக்கும் இடையே பொதுவான ஒரு மொழி எப்போதும் உண்டு. "என் போனுக்கு இந்த ஸ்பீக்கர் செட் ஆகாது" என்ற நிலை அபூர்வம்.

உங்க சிக்கல் எந்த வகை?

செட்டிங்ஸைத் தொடும் முன், கோளாறு என்ன மாதிரி இருக்கிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள். பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

• விட்டு விட்டு வருகிறது, டக் டக் என்று சத்தம்: போன் அதிக டேட்டாவை அனுப்புகிறது, காற்றில் அது தாக்குப்பிடிக்கவில்லை. சாம்பிள் ரேட்டையோ கோடெக்கையோ குறைத்தால் சரியாக வாய்ப்பு அதிகம்.

• பழைய டெலிபோனில் கேட்பது போல மந்தமாக இருக்கிறது: ஸ்பீக்கர் போன் கால் மோடுக்குப் போய்விட்டது. இதற்கும் சாம்பிள் ரேட்தான் காரணம். ஆனால் தீர்வு வேறு.

• பாட்டின் சுருதி ஏறியோ இறங்கியோ கேட்கிறது: எண் உண்மையிலேயே தவறிப்போன நிலை. அபூர்வம், ஆனால் நடக்கும்.

• இணைந்துவிட்டது, சத்தமே இல்லை: பெரும்பாலும் ஒலி வேறு இடத்துக்குப் போகிறது, அல்லது மீடியா ஆடியோ ஆஃப் ஆகியிருக்கிறது.

• வீடியோவில் உதடு முதலில் அசைகிறது, சத்தம் பின்னால் வருகிறது: இது சாம்பிள் ரேட் சிக்கல் இல்லை. சுருக்கி, அனுப்பி, பிரிக்க ஆகும் நேரம். எண்ணை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது.

முதலில் இந்த 3 சோதனை

ஒன்று, ப்ளூடூத்தை ஆஃப் செய்துவிட்டு அதே பாட்டைப் போனின் சொந்த ஸ்பீக்கரில் போடுங்கள். அங்கேயும் கரகரத்தால் ஃபைலில்தான் கோளாறு.

இரண்டு, போனை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில், ஒரு மீட்டர் தூரத்துக்குள் வையுங்கள். ப்ளூடூத், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓடுகிறது. வைஃபை ரூட்டரும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே இடத்தைத்தான் பயன்படுத்துகின்றன. மனித உடம்பில் இருக்கும் தண்ணீரும் இந்த அலையை உறிஞ்சிவிடும். போன் பேன்ட் பாக்கெட்டில் இருக்க, நடுவில் நாற்பது பேர் நின்றால் பாட்டு விட்டு விட்டுத்தான் வரும். பக்கத்தில் வைத்ததும் சரியாகிவிட்டால், தூரமும் நெரிசலும்தான் காரணம்.

மூன்று, வேறொரு போனை அதே ஸ்பீக்கரில் இணைத்துப் பாருங்கள். அதில் சரியாக வந்தால் ஸ்பீக்கர் மேல் தப்பில்லை. உங்க போனின் செட்டிங்ஸைப் பார்க்க வேண்டும்.

ஆண்ட்ராய்டு போனில் மாற்றுவது எப்படி?

இந்த செட்டிங் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் என்ற மறைவான மெனுவில் இருக்கிறது.

1. செட்டிங்ஸில் அபவுட் போன் பகுதிக்குப் போய், பில்ட் நம்பர் என்ற வரியை 7 முறை தொடுங்கள். சில போன்களில் இது வேறு பெயரிலோ, உள்ளே இன்னொரு மெனுவிலோ இருக்கும்.
2. ஸ்பீக்கரை இணைத்து, ஒரு பாட்டை ஓடவிடுங்கள். இணைக்காமல் மாற்றினால் பலன் இருக்காது.
3. டெவலப்பர் ஆப்ஷன்ஸில் ப்ளூடூத் ஆடியோ கோடெக், ப்ளூடூத் ஆடியோ சாம்பிள் ரேட் என்ற வரிகள் இருக்கும். இப்போது என்ன எண் ஓடுகிறது என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.
4. சாம்பிள் ரேட் 96 அல்லது 88.2 என்று இருந்தால் 48 அல்லது 44.1க்கு மாற்றுங்கள். ஸ்பீக்கர் ஏற்காத எண்கள் பல போன்களில் மங்கலாகத் தெரியும்.
5. கோடெக் எல்டேக் என்று இருந்தால், அதன் தரத்தை 'கனெக்ஷன் குவாலிட்டி' அல்லது 'பெஸ்ட் எஃபர்ட்' என்று வையுங்கள். அப்போதும் தீரவில்லையா? கோடெக்கை ஏஏசி அல்லது எஸ்பிசிக்கு மாற்றிப் பாருங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். நான்கையும் ஒன்றாக மாற்றினால், எது சரிசெய்தது என்றே தெரியாது.

இன்னொரு விஷயம்: ஸ்பீக்கரைத் துண்டித்து மறுபடி இணைத்தால், பல போன்களில் இந்த எண் பழையபடி மாறிவிடும். விழா நாளில் இதை நம்பி இருக்காதீர்கள், பாட்டு தொடங்கும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நிரந்தரமாகக் குறைக்க, செட்டிங்ஸின் ப்ளூடூத் பக்கத்தில் அந்த ஸ்பீக்கரின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் கியர் குறியைத் தொட்டுப் பாருங்கள். எல்டேக் அல்லது எச்டி ஆடியோ என்ற சுவிட்ச் இருந்தால் ஆஃப் செய்யலாம்.

டெவலப்பர் ஆப்ஷன்ஸில் இருக்கும் மற்ற சுவிட்சுகளைத் தொட வேண்டாம். வேலை முடிந்ததும் அந்த மெனுவை ஆஃப் செய்துவிடுவது நல்லது.

ஐபோனில்?

ஐபோனில் சாம்பிள் ரேட்டை மாற்றும் மெனு கிடையாது. அது ஏஏசி, எஸ்பிசி இரண்டு கோடெக்குகளையே பயன்படுத்துகிறது, எண்ணைத் தானே முடிவு செய்துகொள்கிறது. அதனால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ப்ளூடூத் பட்டியலில் ஸ்பீக்கரை 'ஃபர்கெட்' செய்து, ஸ்பீக்கரை ரீசெட் செய்து, புதிதாக இணையுங்கள். இணைப்பின்போது நடக்கும் பேச்சுவார்த்தை முதலிலிருந்து நடக்கும்.

ஆப்பிள் மியூசிக்கில் லாஸ்லெஸ் ஆன் செய்திருக்கிறீர்களா? ப்ளூடூத்தில் அது முழுசாக வராது என்று ஆப்பிளே சொல்லியிருக்கிறது. மொபைல் டேட்டாதான் வீணாகும்.

லேப்டாப்பில் திடீர்னு சத்தம் மட்டமாகுதா?

பாட்டு அருமையாக ஓடிக்கொண்டிருக்கும். ஆன்லைன் வகுப்போ வீடியோ மீட்டிங்கோ தொடங்கியதும், ஏதோ கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலச் சத்தம் மாறிவிடும். ஸ்பீக்கர் போய்விட்டது என்று பலரும் பயப்படுவது இங்கேதான்.

நடப்பது இதுதான். உங்க ஸ்பீக்கரில் மைக்கும் இருக்கிறது. மீட்டிங் ஆப் அந்த மைக்கைக் கேட்டதும், ப்ளூடூத் இணைப்பு பாட்டு மோடிலிருந்து கால் மோடுக்குத் தாவிவிடுகிறது. கால் மோடில் சாம்பிள் ரேட் வெறும் 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ், ஒலியும் மோனோ. 8 கிலோஹெர்ட்ஸ் என்றால் 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் இருக்கும் ஒலி எதுவும் வராது. சலங்கை ஓசையும் ஜால்ராவும் காணாமல் போவது இதனால்தான்.

தீர்வு சுலபம். மீட்டிங் ஆப்பின் ஆடியோ செட்டிங்கில், மைக் என்ற இடத்தில் லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்வு செய்யுங்கள். ஸ்பீக்கர் என்ற இடத்தில் ப்ளூடூத் ஸ்பீக்கர் இருக்கட்டும். விண்டோஸ் 10ல் ஒரே ஸ்பீக்கர் இரண்டு பெயரில் தெரியும்: ஒன்று ஸ்டீரியோ, இன்னொன்று ஹேண்ட்ஸ் ஃப்ரீ. பாட்டுக்கு ஸ்டீரியோவைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஆண்ட்ராய்டு போனிலும் இதே தொல்லை என்றால், ஸ்பீக்கரின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் கியர் குறியைத் தொட்டு, போன் கால்ஸ் என்பதை ஆஃப் செய்யுங்கள். மீடியா ஆடியோ ஆன் ஆகவே இருக்க வேண்டும். விழா நடுவில் யாராவது கால் செய்தாலும் பேச்சு ஸ்பீக்கரில் அலறாது என்பது கூடுதல் லாபம். அதற்கு இன்னும் சுலபமான வழி, ஏர்பிளேன் மோடு போட்டு, ப்ளூடூத்தை மட்டும் மறுபடி ஆன் செய்வது. பாட்டை முன்கூட்டியே டவுன்லோட் செய்து வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சுருதி மாறினால் எப்படிக் கண்டுபிடிப்பது?

பாட்டுப் பயிற்சி, நாட்டிய ஒத்திகை செய்பவர்களுக்கு இது முக்கியம். 44.1ல் பதிவான ஒலியை, மாற்றாமல் அப்படியே 48 என்று நினைத்து ஒரு கருவி ஓட்டினால் வேகம் கிட்டத்தட்ட 9 சதவீதம் கூடிவிடும். 5 நிமிடப் பாட்டு சுமார் 4 நிமிடம் 36 வினாடியில் முடிந்துவிடும். ஒரு கட்டை சுருதியில் பாடியது, ஒன்றரைக் கட்டைக்கும் இரண்டு கட்டைக்கும் நடுவில் போய் நிற்கும். வீணையோ ஹார்மோனியமோ அதனுடன் சேர்ந்து வாசிக்க முடியாது.

வீட்டிலேயே இதைச் சோதிக்கலாம். ஒரு போனில் டோன் ஜெனரேட்டர் ஆப் மூலம் 440 ஹெர்ட்ஸ் ஒலியை ஸ்பீக்கருக்கு அனுப்புங்கள். இன்னொரு போனில் ட்யூனர் ஆப்பைத் திறந்து ஸ்பீக்கர் முன் பிடியுங்கள்.

• 440 காட்டினால் சாம்பிள் ரேட் சரி.
• 479 பக்கம் காட்டினால், 44.1 ஒலி 48 ஆக ஓடுகிறது.
• 404 பக்கம் காட்டினால், 48 ஒலி 44.1 ஆக ஓடுகிறது.

ஸ்பீக்கர் 440 காட்டியும் குறிப்பிட்ட ஒரு பாட்டு மட்டும் சுருதி மாறி இருந்தால், அந்த ஃபைலை எடிட் செய்தபோதோ, வேறு ஃபார்மேட்டுக்கு மாற்றியபோதோ தவறு நடந்திருக்கிறது. அசல் பதிவை மறுபடி வாங்குவதுதான் வழி. ஸ்பீக்கரே 479 காட்டினால், சாம்பிள் ரேட்டை 44.1லிருந்து 48க்கோ, 48லிருந்து 44.1க்கோ மாற்றிப் பாருங்கள். ஒன்றிலாவது சரியாக ஒலித்தால் அதையே வைத்துக்கொள்ளலாம்.

பென்டிரைவில் மட்டும் பாடலையா?

ப்ளூடூத்தில் நன்றாக ஓடும் பாட்டு, அதே ஸ்பீக்கரில் பென்டிரைவ் சொருகினால் ஓடாமல் போகலாம். காரணம் எளிது. ப்ளூடூத்தில் ஃபைலைப் பிரித்து, எண்ணை மாற்றித் தரும் வேலையைப் போன் செய்தது. பென்டிரைவில் அந்த வேலையை ஸ்பீக்கரே செய்ய வேண்டும். குறைந்த விலை போர்டுகள் பலவற்றால் 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் ஃபைல்களைப் படிக்க முடியாது. அந்தப் பாட்டை 44.1 கிலோஹெர்ட்ஸ் எம்பி3 ஆக மாற்றி ஏற்றுங்கள், ஓடும்.

96 கிலோஹெர்ட்ஸ் இருந்தால்தான் தரமா?

கணக்கைப் பாருங்கள். சிடி தரத்தில் ஒரு வினாடி ஸ்டீரியோ ஒலிக்கு 14,11,200 பிட் தேவை. 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்றால் 46,08,000 பிட். ப்ளூடூத்தில் சோனியின் எல்டேக் அனுப்பும் உச்ச அளவே வினாடிக்கு 9,90,000 பிட்தான். அதாவது 96 என்று எழுதியிருந்தாலும், அது நான்கில் ஒரு பங்குக்கும் கீழே நசுக்கப்பட்டுத்தான் வருகிறது. எஸ்பிசியின் வழக்கமான உயர்தர அளவு 3,28,000 பிட்.

அமைதியான அறையில், நல்ல ஹெட்போனில் சிலருக்கு வித்தியாசம் தெரியலாம். மொட்டை மாடியிலோ, பள்ளி மைதானத்திலோ, ஒற்றை ஸ்பீக்கரில் தெரிய வாய்ப்பு குறைவு. அங்கே தேவை, அறுபடாமல் வரும் பாட்டு. அதற்கு 44.1ம் 48ம் போதும்.

பெட்டியில் ப்ளூடூத் 5.3 என்று பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். அந்த எண் மட்டும் பாட்டின் தரத்தைச் சொல்லாது. எந்தெந்த கோடெக் இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். எல்டேக் போன் வாங்கினாலும், ஸ்பீக்கரில் எஸ்பிசி மட்டும் இருந்தால் எஸ்பிசிதான் ஓடும்.

எப்போது ஸ்பீக்கரை மாற்றலாம்?

• இரண்டு மூன்று வேறு வேறு போன்களிலும் அதே கோளாறு.
• ஒரு மீட்டர் தூரத்திலும், எஸ்பிசி 44.1லும் விட்டு விட்டு வருகிறது.
• ரீசெட் செய்து, முழு சார்ஜ் போட்ட பிறகும் மாற்றம் இல்லை.
• ஆக்ஸ் ஒயர் சொருகினாலும் கரகரக்கிறது.

கடைசிச் சோதனையைக் கவனியுங்கள். ஆக்ஸ் ஒயரில் நன்றாக ஒலித்து ப்ளூடூத்தில் மட்டும் கெட்டுப்போனால், ஸ்பீக்கர் கோன் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். ஒயரிலும் கரகரத்தால் கோனோ ஆம்ப்ளிஃபையரோ பழுது, அதை எந்த செட்டிங்கும் சரிசெய்யாது. வாரன்டி இருந்தால் சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். மேலே சொன்ன சோதனைகளின் முடிவை வரிசையாகச் சொன்னால், "செட்டிங்ஸ் மாத்திப் பாருங்க" என்று திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

சுருக்கமாக...

• விட்டு விட்டு வந்தால்: போனைப் பக்கத்தில் வை, சாம்பிள் ரேட்டைக் குறை, கோடெக்கை மாற்று.
• டெலிபோன் மாதிரி மந்தமாக இருந்தால்: ஸ்பீக்கர் மைக்கை விடு, லேப்டாப் மைக்கைத் தேர்வு செய்.
• சுருதி மாறினால்: 440 ஹெர்ட்ஸ் சோதனை செய்.
• பென்டிரைவில் ஓடாவிட்டால்: 44.1 எம்பி3க்கு மாற்று.
• வீடியோவில் சத்தம் பிந்தினால்: சாம்பிள் ரேட்டை விட்டுவிடு, ஒயர் போடு.

விழா நாளுக்கு மட்டும் இன்னொரு யோசனை: ஒரு ஆக்ஸ் ஒயரைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். உங்க போனில் ஹெட்போன் துளை இல்லையென்றால், அதற்கான கன்வர்ட்டரும் சேர்த்து. ப்ளூடூத் எந்த நேரத்தில் மக்கர் செய்தாலும், பிள்ளைகளின் ஆட்டம் நிற்காது.